கடைப் பெயரில் வாங்கிய வண்டிக்கு வரி திரும்புமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

2025 செப்டம்பர் 22 முதல் வாகனங்கள் பலவற்றின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி குறைக்கப்பட்டது முதல், சென்னையின் வாகன விற்பனை நிலையங்களுக்குச் செல்லும் சிறு வணிகர்களிடம் ஒரே வாசகம் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது: “கடைப் பெயரில், ஜிஎஸ்டி எண் போட்டு பில் வாங்கிக்கொள்ளுங்கள் சார், கட்டிய வரி அப்படியே திரும்பிவிடும், மீதிக்குத் தேய்மானம் எழுதிக்கொள்ளலாம்.” தேய்மானம் என்பது வண்டி விலையில் ஒரு பங்கை ஆண்டுதோறும் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்வது. பாரிமுனை, சௌகார்பேட்டை, திருவல்லிக்கேணி வட்டாரத்துச் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், இந்த வாசகத்தை நம்பி வண்டி எடுத்தவர்களின் கணக்குகளைப் பார்த்து வருகிறேன். சிலருக்கு அது பொருந்துகிறது, பலருக்குப் பொருந்துவதில்லை. எவருக்குப் பொருந்தும், எவருக்குப் பொருந்தாது என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன் யாரும் சொல்வதில்லை என்பதால்தான் இக்கடிதம்.

பில் யார் பெயரில் இருக்கிறது என்பது இரண்டாவது கேள்விதான். ஆர்சி புத்தகத்தில் அந்த வண்டி எந்த வகையாகப் பதிவாகிறது, எத்தனை இருக்கைக்கு அனுமதி பெற்றிருக்கிறது என்பதே முதல் கேள்வி. 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 17(5) பிரிவு, ஓட்டுநரையும் சேர்த்து 13 பேருக்கு மேற்படாத இருக்கை அனுமதியுள்ள, ஆட்களை ஏற்றிச் செல்வதற்கான மோட்டார் வாகனங்களுக்கு உள்ளீட்டு வரி வரவை, அதாவது கொள்முதலில் கட்டிய வரியைத் தாம் செலுத்த வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும், கடைக்காரர்கள் ‘இன்புட்’ என்று சொல்லும் உரிமையை, மறுத்துவிடுகிறது. விதிவிலக்கு மூன்று தொழில்களுக்கே உண்டு: அந்த வாகனத்தையே வாங்கி விற்பவர், பயணிகளை ஏற்றிச் செல்பவர், வாகனம் ஓட்டக் கற்றுத் தருபவர். அவர்களிலும் 5 சதவீத வரி விகிதத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்ட டிராவல்ஸ்காரருக்கு வரவு கிடையாது. ஜவுளிக் கடைக்காரர், மருந்து மொத்த வியாபாரி, கட்டட ஒப்பந்ததாரர் என எவர் கார் வாங்கினாலும், அந்தக் கார் காலை முதல் இரவு வரை தொழிலுக்காகவே ஓடினாலும், செலுத்திய ஜிஎஸ்டி திரும்பாது. வசூலுக்குப் போகும் ஊழியருக்காக வாங்கிய ஸ்கூட்டருக்கும் இதே கதிதான். அத்தகைய வாகனத்தின் காப்பீட்டுக்கும் சர்வீஸுக்கும் செலுத்தும் ஜிஎஸ்டியும் திரும்பாது. வாங்காமல் மாத வாடகைக்கு எடுத்தாலும் அந்த வாடகையின் மீதான வரிக்கு வரவு இல்லை.

சரக்கு வாகனங்களின் நிலை வேறு. குட்டியானை, பிக்கப், சரக்கு ஆட்டோ, லாரி ஆகியவற்றை ஜிஎஸ்டி பதிவுள்ள வணிகர் தம் வரிக்குட்பட்ட வியாபாரத்துக்காக வாங்கினால், முழு வரியையும் வரவாக எடுத்துக்கொள்ளலாம். காப்பீடு, பழுது பார்ப்பு ஆகியவற்றின் ஜிஎஸ்டியும் அவ்வாறே. டீசலுக்கு மட்டும் எவருக்கும் இல்லை. அது ஜிஎஸ்டிக்குள் வராமல் இன்னும் மாநிலத்தின் மதிப்புக் கூட்டு வரியின் கீழேயே இருக்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்பவர்களைப் பற்றித்தான் நான் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். திருவல்லிக்கேணியில் சிறிய அச்சகம் நடத்தும் ஒருவர் ஐந்து இருக்கை கொண்ட வேன் ஒன்றை வாங்கினார். கல்யாணப் பத்திரிகைக் கட்டுகள், நாட்காட்டிகள், பில் புத்தகங்கள், காகித ரீம்கள் ஆகியவற்றைத் தவிர அந்த வண்டியில் வேறு எதுவும் ஏறி நான் பார்த்ததில்லை. பின்னிருக்கை மடக்கியே கிடக்கும். அதன் மேல் விரித்த தார்ப்பாய் மை படிந்து கறுத்துப் போயிருக்கிறது. குறுகிய தெருக்களில் புகுந்து போகவும், மழையில் காகிதம் நனையாமல் இருக்கவும் மூடிய வேன்தான் வசதி என்று அதை எடுத்தார். அதே உடலமைப்பில் இருக்கை இல்லாத சரக்கு வகையும் விற்பனைக்கு இருந்தது. அதை எடுத்திருந்தால் வரி முழுவதும் வரவாகியிருக்கும் என்று விற்பனையாளர் சொல்லவில்லை. ஆர்சியில் ஐந்து இருக்கை கொண்ட மோட்டார் கார் என்று பதிவாகிவிட்ட பின், வண்டி என்ன சுமக்கிறது என்பதைச் சட்டம் கேட்பதில்லை. இருக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று ஒரு மெக்கானிக் அவருக்கு யோசனை சொன்னாராம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம் என்பது அந்த யோசனையில் சேரவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது இருந்த 17(5) பிரிவு, மோட்டார் வாகனங்கள் அனைத்துக்கும் பொதுவாக வரவை மறுத்துவிட்டு, சரக்கு ஏற்றிச் செல்லப் பயன்படுத்தப்படும் வாகனத்துக்கு விலக்கு அளித்திருந்தது. அதாவது பயன்பாடுதான் அளவுகோலாக இருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 2019 பிப்ரவரி 1 முதல் அதை மாற்றி, வாகனத்தின் வகையையும் இருக்கை எண்ணிக்கையையும் அளவுகோலாக்கியது. ஊழியர்களை அழைத்து வரும் பெரிய பேருந்துக்கு அதற்கு முன் வரவு கிடைக்கவில்லை; திருத்தத்துக்குப் பின் கிடைக்கிறது. அம்பத்தூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அது நன்மையே. ஆனால் சிறிய பயணி வேனில் சரக்கு ஏற்றும் கடைக்காரருக்குப் பழைய வாசகத்தின்படி வாதிட இருந்த இடம் அந்தத் திருத்தத்தோடு போய்விட்டது. முதலாளியின் குடும்பக் காருக்கு அரசு வரவு கொடுக்கத் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அந்தத் தயக்கத்துக்காகக் காகிதம் சுமக்கும் வேனையும் சேர்த்துத் தண்டிக்க வேண்டியதில்லை என்பதே என் வாதம். வருமான வரிச் சட்டம் சொந்த உபயோகமும் தொழில் உபயோகமும் கலந்த வாகனத்துக்கு விகிதாசாரப்படி தேய்மானம் அனுமதிக்கிறது. அதே அணுகுமுறையை ஜிஎஸ்டியில் மட்டும் ஏன் கைவிட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

தவறாக வரவு எடுத்துவிடுவதற்கு ஜிஎஸ்டி இணையதளமும் ஒரு காரணமாகிவிடுகிறது. டீலர் தம் கணக்கைத் தாக்கல் செய்தவுடன், கார் வாங்கிய பில்லும், வணிகரின் கொள்முதல்களைத் தொகுத்து இணையதளமே தானாக உருவாக்கும் ஜிஎஸ்டிஆர்‑2பி அறிக்கையில், எடுக்கத் தகுந்த வரவுகளின் வரிசையில் வந்து நின்றுவிடும். அந்தப் பில் காருக்கா குட்டியானைக்கா, 17(5) பிரிவின்படி தடுக்கப்பட்டதா இல்லையா என்று அந்த அறிக்கை பிரித்துப் பார்ப்பதில்லை. “2பியில் வந்துவிட்டதே, பிறகு என்ன?” என்று கேட்டு வரவை எடுத்து, அந்த மாத வரியையும் அதிலேயே கழித்துவிடுகிறார்கள். முறைப்படி அந்தத் தொகையை, வணிகர் தம் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்‑3பி படிவத்தின் நான்காம் அட்டவணையில் முதலில் காட்டி, அதே அட்டவணையின் பி(1) வரியில் நிரந்தரமாகத் திருப்ப வேண்டும் என்று 2022 ஜூலையில் வெளியான சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. திருப்பாமல் பயன்படுத்திக்கொண்டால், பின்னாளில் துறை கண்டுபிடிக்கும்போது வரியோடு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும் சேரும், அபராதம் தனி. இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து நோட்டீஸ் வரும்போது, வண்டி விற்றவர் வேறு ஷோரூமுக்கு மாறிப் போயிருப்பார்.

இதற்கு நேர்மாறான நட்டமும் நடக்கிறது. அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரிச் சட்டம் நடைமுறையில் இருந்த 2007 ஜனவரி முதல் 2017 ஜூன் வரை, வாகன வியாபாரிகள் அல்லாதவர்கள் வாங்கும் எந்த வாகனத்துக்கும், சரக்கு லாரி உட்பட, வரி வரவு கிடையாது. அந்தக் காலத்தில் கணக்குப் பழகிய மூத்தவர்கள் சிலர் இன்றும் அந்தப் பழக்கத்திலேயே, சரக்கு வண்டியின் ஜிஎஸ்டியையும் வண்டி விலையோடு சேர்த்து ஐந்தொகையில் ஏற்றி, மொத்தத்துக்கும் தேய்மானம் எழுதிவிடுகிறார்கள். ரூபாய் 5,00,000 விலையுள்ள ஒரு பிக்கப் வண்டிக்கு 18 சதவீத வரி 90,000 என்று வைத்துக்கொள்வோம். வரவாக எடுத்தால் அந்த 90,000 ரூபாயும் செலுத்த வேண்டிய ஜிஎஸ்டியில் முழுமையாகக் கழிந்துவிடும். விலையோடு சேர்த்துத் தேய்மானம் எழுதினால், 15 சதவீதப்படி முதல் ஆண்டில் அந்த வரிப் பகுதிக்குக் கிடைக்கும் தேய்மானம் 13,500 ரூபாய். 30 சதவீத வருமான வரி செலுத்துபவருக்கு அதனால் மிச்சமாவது 4,050 ரூபாய். தொண்ணூறாயிரத்தை விட்டுவிட்டு நாலாயிரத்தைப் பிடித்துக்கொள்வதை எந்த வணிகரும் தெரிந்து செய்யமாட்டார்.

இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளவும் முடியாது. வரிப் பகுதியின் மீது வருமான வரிச் சட்டத்தின் கீழ்த் தேய்மானம் கோரியிருந்தால் அந்த வரிக்கு உள்ளீட்டு வரவு கிடையாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 16(3) பிரிவு கூறுகிறது. எனவே பிக்கப் வாங்கியவர் 5,00,000 ரூபாயை அடக்க விலையாகக் கொண்டு தேய்மானம் எழுத வேண்டும். அதே 5,90,000 ரூபாய் பில்லுக்குக் கார் வாங்கியவர், வரவு இல்லாததால், முழுத் தொகைக்கும் தேய்மானம் எழுதலாம். ஆயுட்கால சாலை வரியும் பதிவுக் கட்டணமும் பொதுவாக அடக்க விலையில் சேர்க்கப்படுகின்றன. அந்த ஆண்டின் காப்பீட்டுத் தொகை செலவுக் கணக்குக்குப் போக வேண்டும். ‘ஆன் ரோடு’ விலை என்று ஒரே வரியில் எழுதித் தரப்படும் தொகையை அப்படியே ஏற்றிவிடுவதால்தான் இந்தக் குழப்பம் தொடங்குகிறது. பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வாகனத்துக்கு டீலர் வசூலிக்கும் ஒரு சதவீதம் வருமான வரி முன்வசூல் ஆகும். அது விலையிலும் சேராது, செலவிலும் சேராது, ஆண்டுக் கணக்கில் செலுத்திய வரியாகக் கழித்துக்கொள்ள வேண்டியது.

வரி வரவு எல்லாச் சரக்கு வாகன உரிமையாளர்களுக்கும் கிடைத்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. மாதவரத்திலும் செங்குன்றத்திலும் சொந்தமாக ஓரிரு லாரிகளை வைத்துக்கொண்டு அவற்றைப் போக்குவரத்து நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுபவர்களின் வருமானம் ஜிஎஸ்டியிலிருந்து விலக்கு பெற்றது. விற்பனைப் பக்கத்தில் வரி இல்லாதவருக்குக் கொள்முதல் பக்கத்தில் வரவும் இல்லை. பள்ளிக்கூடப் பேருந்துக்கும் இதே காரணம்தான். 13 இருக்கைகளுக்கு மேல் இருந்தும், பள்ளிக் கல்விக்கு வரி விலக்கு இருப்பதால் வரவு கிடைப்பதில்லை. விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் இணக்க வரித் திட்டத்தில், அதாவது காம்பொசிஷனில், இருக்கும் சிறு கடைக்காரருக்கும் கிடையாது. இவர்கள் எல்லோருக்கும் அந்த விற்பனையாளர் வாசகம் ஒரே மாதிரிதான் சொல்லப்படுகிறது.

தேய்மானத்தைப் பொறுத்தவரை மார்ச் மாதத்தில் பரவும் ஒரு நம்பிக்கையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஆண்டு முடிவதற்குள் கார் எடுத்தால் வருமான வரி பெருமளவு குறையும் என்று கடைசி வாரத்தில் ஓடுகிறார்கள். 2025‑26 நிதியாண்டுக்கான கணக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படியே அமையும். அதன்படி சொந்தத் தொழிலுக்கான காருக்கும் சரக்கு வண்டிக்கும் தேய்மானம் 15 சதவீதம். வாடகைக்கு ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவரின் லாரி, பேருந்து, டாக்சிக்கு 30 சதவீதம். மின்வாகனத்துக்கு 40 சதவீதம். மஞ்சள் நம்பர் பிளேட் இருப்பதாலேயே 30 சதவீதம் ஆகிவிடாது. தன் கடைச் சரக்கை மட்டும் ஏற்றும் லாரிக்கு 15 சதவீதம்தான். அந்த ஆண்டில் 180 நாட்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தப்பட்ட புதிய வாகனத்துக்குப் பாதித் தேய்மானமே அனுமதி. 2025 அக்டோபர் 3க்குப் பின் பயன்பாட்டுக்கு வந்த எல்லா வாகனங்களும் இந்தக் கணக்கில் வருகின்றன. எனவே மார்ச் இறுதியில் 5,90,000 ரூபாய்க்குக் கார் எடுத்தவருக்கு அந்த ஆண்டு கிடைக்கும் தேய்மானம் 44,250 ரூபாய். 30 சதவீத வரி விகிதத்தில் இருப்பவருக்கு மிச்சம் 13,275 ரூபாய். கார் தேவைப்பட்டால் வாங்கட்டும். வரிக்காக வாங்குகிறேன் என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

விற்றுமுதலில் 8 அல்லது 6 சதவீதத்தை லாபமாகக் காட்டும் 44ஏடி முறையில் கணக்குக் கொடுப்பவர்கள் தனியாகத் தேய்மானம் கழிக்கவே முடியாது. அந்தச் சதவீதத்துக்குள் தேய்மானமும் கழிக்கப்பட்டுவிட்டதாகவே சட்டம் கொள்கிறது. பாரிமுனைக் கடைகளில் பெரும்பாலானவர்கள் இந்த முறையில் இருந்துகொண்டே தேய்மானத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். கடன் வாங்கி எடுத்த வண்டியின் மாதத் தவணை முழுவதையும் செலவாக எழுதிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அதில் வட்டி மட்டுமே செலவு, அசல் செலவாகாது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த தொகை, தேய்மானம் கணக்கிடும் அடக்க விலையில் சேராது என்பதையும் பழைய வண்டி வாங்குபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வண்டியை விற்கும்போது இந்தக் கணக்கு மீண்டும் ஒருமுறை வாசலில் வந்து நிற்கும். வரவு எடுக்காத காரை ஜிஎஸ்டி பதிவுள்ள வணிகர் விற்றால், விற்ற விலைக்கும் வருமான வரிக் கணக்கில் தேய்மானம் போக எஞ்சியுள்ள மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தின் மீது மட்டுமே வரி. 2025 ஜனவரி முதல் அது எல்லாப் பழைய வாகனங்களுக்கும் 18 சதவீதம். மதிப்பு 4,00,000 ஆக நிற்கும் காரை 4,50,000 ரூபாய்க்கு விற்றால் வரி 9,000 ரூபாய். 3,80,000 ரூபாய்க்கு விற்றால் வரியே இல்லை. வரவு எடுத்த சரக்கு வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. எடுத்த வரவில் காலாண்டுக்கு 5 சதவீதப் புள்ளி வீதம் கழித்து எஞ்சும் தொகை அல்லது விற்ற விலையின் மீதான வரி, இவற்றில் எது அதிகமோ அதைச் செலுத்த வேண்டும். வரவு எடுத்த நாளிலேயே இதையும் சொல்லிவிட்டால், பழைய வண்டியைப் புரோக்கரிடம் தள்ளிவிட்டுக் கணக்கில் காட்டாமல் விடும் நிலை குறையும்.

அரசிடம் நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. வாகன விற்பனையாளர்கள் ஜிஎஸ்டி எண்ணுடன் எழுதித் தரும் மதிப்பீட்டிலேயே, அந்த வாகனம் 17(5) பிரிவின்கீழ் வருகிறதா இல்லையா என்று ஒரு வரி அச்சிட வேண்டும் என வணிக வரித்துறை கட்டாயமாக்கலாம். வாகனத்தின் வகையும் இருக்கை எண்ணிக்கையும் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. விலை, ஜிஎஸ்டி, சாலை வரி, காப்பீடு, முன்வசூல் வரி ஆகியவற்றை அந்த மதிப்பீடு தனித்தனியாகக் காட்ட வேண்டும். இந்த விதிகளைத் தமிழில் ஒரே பக்கத்தில் அச்சிட்டு, வணிகர் சங்கங்கள் மூலமாகக் கடைகளுக்கு அனுப்பலாம். ஜிஎஸ்டி மன்றத்தில் தமிழ்நாட்டின் சார்பில் அமர்பவர்கள், சரக்கு ஏற்றுவதற்கு மட்டுமே பயன்படும் சிறு பயணி வேன்களுக்கு 2019க்கு முன் இருந்த விலக்கை, பயண ஏட்டின் அடிப்படையிலோ விகிதாசாரப்படியோ மீட்டுத் தருமாறு அங்கே கோர வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவை என்பதால் காலம் ஆகும். முந்தைய கோரிக்கைகளுக்கு அத்தனை காலம் தேவையில்லை.

அதுவரை, 2025‑26ஆம் நிதியாண்டில் சரக்கு வண்டி வாங்கி இன்னும் வரவு எடுக்காதவர்கள், அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்யும் நாள் அல்லது 2026 நவம்பர் 30, இவற்றில் எது முந்தியதோ அதற்குள் எடுத்தாக வேண்டும். தேய்மான அட்டவணையில் வண்டியின் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்கு முன்பாகவே தம் ஆடிட்டரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
கணக்கு எழுதுபவர்,
பெரம்பூர், சென்னை